திருச்சியிலிருந்து விமானத் தூரமும் பயண நேரமும்: டெல்டாக்காரர்கள் தாங்களே கணக்குப் போட முழுமையான வழிகாட்டி

திருச்சி ஏர்போர்ட்டில் முளை அடித்து உருண்டையான பூமி மேல் கயிறு இழுத்தால், சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய ஒரே நீளக் கயிற்றில் அடங்கிவிடும். கிழக்கே சிங்கப்பூர் 2,980 கி.மீ., வடமேற்கே துபாய் 2,940 கி.மீ. ஆனால் டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் சிங்கப்பூருக்கு ஆறே முக்கால் மணி நேரம் ஆவது போலவும், துபாய்க்கு இரண்டே முக்கால் மணியில் போய்விடுவது போலவும் தோன்றும். இரண்டுக்கும் உண்மையில் ஆவது நாலு மணியும் கொஞ்சமும்தான். மீதி எல்லாம் கடிகார வித்தை. நாகப்பட்டினத்தில் இருப்பவருக்கு இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு: அந்த நாலு மணிப் பறப்புக்கு முன்னால் மூன்றரை மணி நேரம் ரோட்டில் வர வேண்டும்.

ஆகவே தூரம் ஒன்றுதான், நேரம் மூன்று. சக்கரம் ஓடுபாதையை விட்டு எழும்பி மறுபடி தரை தொடும் வரை ஆவது பறக்கும் நேரம். சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை இங்கே எடுத்து, அங்கே மறுபடி வைக்கும் வரை ஆவது பிளாக் டைம். டிக்கெட்டில் அச்சாவது இதுதான். மூன்றாவது, வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல் வரை ஆவது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் விமானத்தைத் தவற விடுகிறார்கள். அங்கே வரவேற்க வந்தவர்களும் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். ஒவ்வொன்றாகப் போடலாம்.

முதலில் தூரம்: வேண்டியது நாலு எண்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று. இரண்டு நிலையங்களுக்கு நாலு எண்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு அடிக்கடி தேவைப்படுபவை, தசமப் பாகையில்:

திருச்சி: வடக்கு 10.765, கிழக்கு 78.710
சென்னை மீனம்பாக்கம்: வடக்கு 12.994, கிழக்கு 80.181
கொழும்பு கட்டுநாயக்க: வடக்கு 7.181, கிழக்கு 79.884
கோலாலம்பூர்: வடக்கு 2.746, கிழக்கு 101.710
சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1.360, கிழக்கு 103.990
துபாய்: வடக்கு 25.253, கிழக்கு 55.364

வேறு ஊர் வேண்டுமானால் கூகுள் மேப்பில் ஓடுபாதையின் நடுவில் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலில் வருவது அட்சரேகை. ஊர்ப் பெயரைத் தட்டினால் வரும் புள்ளியை எடுக்காதீர்கள், அது நகரத்தின் நடு. கட்டுநாயக்க கொழும்பு நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கோலாலம்பூர் ஏர்போர்ட்டும் ஊருக்குத் தெற்கே நாற்பது ஐம்பது கிலோமீட்டர்.

கிட்டத்து ஊர்களுக்கு: வரப்புக் கணக்கு

ஐந்நூறு கிலோமீட்டருக்குள் இருந்தால் பூமியின் வளைவை மறந்துவிடலாம். ரோட்டில் சுற்றாமல் வயலுக்குக் குறுக்கே மூலைக்கு மூலை போவது போல, வடக்குத் தெற்காக எவ்வளவு, கிழக்கு மேற்காக எவ்வளவு என்று பார்த்து மூலைவிட்டம் எடுத்தால் போதும். திருச்சி–சென்னையைப் போட்டுப் பார்ப்போம்.

1. அட்சரேகை வித்தியாசம்: 12.994 − 10.765 = 2.229. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. ஆக 2.229 × 111.2 = 247.9 கி.மீ.

2. தீர்க்கரேகை வித்தியாசம்: 80.181 − 78.710 = 1.471. இதை 111.2 ஆல் மட்டும் பெருக்கினால் தப்பு. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், சராசரி அட்சரேகையின் காஸ் (கால்குலேட்டரில் cos பொத்தான்) மதிப்பாலும் பெருக்க வேண்டும். சராசரி 11.88, காஸ் 11.88 = 0.9786. ஆக 1.471 × 111.2 × 0.9786 = 160.1 கி.மீ.

3. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம்: 61,454 + 25,632 = 87,086; அதன் மூலம் 295.

திருச்சி–சென்னை ஆகாயத்தில் 295 கி.மீ. ரோட்டில் சுமார் 330. இதே முறையில் திருச்சி–கொழும்பு 419 கி.மீ. வரும். ஆகாயக் கணக்கில் மீனம்பாக்கத்துக்கும் கட்டுநாயக்கவுக்கும் வித்தியாசம் 125 கி.மீ. கூட இல்லை. ஒன்று உள்நாடு, இன்னொன்று பாஸ்போர்ட் வேண்டிய வெளிநாடு.

எட்டத்து ஊர்களுக்கு: பெருவட்டக் கணக்கு

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று போனால் பூமி உருண்டை என்பதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். உருண்டையில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறைந்த தூரம் போகும் வழிக்குப் பெருவட்டம் என்று பெயர். ஃபோனிலேயே போட்டுவிடலாம். கால்குலேட்டரைத் திறந்து ஃபோனைச் சாய்த்துப் பிடித்தால் சைன், காஸ் பொத்தான்கள் வரும். கணக்குத் தொடங்குமுன் அது பாகையில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள். காஸ் 60 போட்டால் 0.5 வர வேண்டும். வேறு எதுவும் வந்தால் ரேடியனில் இருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

திருச்சி–சிங்கப்பூர்:

1. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். சைன் 10.765 × சைன் 1.360 = 0.0044.

2. தீர்க்கரேகை வித்தியாசம்: 103.990 − 78.710 = 25.280.

3. இரண்டு அட்சரேகைகளின் காஸ்களையும் இந்த வித்தியாசத்தின் காஸையும் பெருக்குங்கள். காஸ் 10.765 × காஸ் 1.360 × காஸ் 25.280 = 0.8881.

4. ஒன்றையும் மூன்றையும் கூட்டினால் 0.8925.

5. அதன் தலைகீழ் காஸ் (cos⁻¹ பொத்தான்) 26.81 பாகை.

6. 26.81 × 111.2 = 2,981 கி.மீ.

விமானிகள் பேசும் கடல் மைலில் வேண்டுமானால் பாகையை 60 ஆல் பெருக்கினால் போதும்: 1,609. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கடல் மைல் என்று முன்னோர்கள் வைத்துவிட்டுப் போனதால் இந்தச் சௌகரியம். இன்று ஒரு கடல் மைல் என்பது துல்லியமாக 1,852 மீட்டர்.

இதே படிகளில் திருச்சி–கோலாலம்பூர் 2,690 கி.மீ., திருச்சி–துபாய் 2,940 கி.மீ. வரும். பூமி முழு உருண்டை இல்லை, துருவத்தில் கொஞ்சம் தட்டை. அதனால் இந்த விடையில் அரை சதவீதத்துக்குள் பிசகு இருக்கலாம். சிங்கப்பூர் தூரத்தில் அது பதினைந்து கிலோமீட்டர், பறக்கையில் ஒரு நிமிடம். மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

விடை கோணலாக வந்தால் எங்கே பார்ப்பது

மிக அதிகமாக நடக்கும் தப்பு, நிமிடத்தைத் தசமம் என்று எடுத்துக்கொள்வது. அட்டவணையில் 10 பாகை 46 நிமிடம் என்று இருந்தால் அது 10.46 அல்ல. 46ஐ 60 ஆல் வகுத்து 10.77 என்று எழுத வேண்டும். இந்த ஒரு தப்பே தூரத்தில் 34 கி.மீ. வரை சாப்பிட்டுவிடும், சென்னைக் கணக்கில் அது பெரிய ஓட்டை.

அடுத்தது, பெருவட்டக் கணக்கைக் கிட்டத்து ஊருக்குப் போட்டு நடுவில் எண்களைச் சுருக்குவது. சென்னைக்கு நாலாம் படியில் 0.99893 வரும். அதை 0.999 என்று எழுதிவிட்டால் விடை 285 கி.மீ. ஆகிவிடும், பத்து கிலோமீட்டர் காணாமல் போகும். கிட்டத்து ஊருக்கு வரப்புக் கணக்கைச் சொன்னது இதற்குத்தான்.

மூன்றாவது, எட்டத்து ஊருக்கு வரப்புக் கணக்கைப் போடுவது, அதுவும் காஸ் பெருக்காமல். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பதால் அப்படிப் போட்டாலும் இருபது கிலோமீட்டர்தான் பிசகும். ஆகவே சரிதான் என்று நம்பிவிடுவார்கள். அதே கையோடு சென்னை–லண்டனைப் போட்டால் 9,900 கி.மீ.க்கு மேல் வரும். சரியான விடை 8,235. வடக்கே போகப் போகத்தான் குட்டு வெளிப்படும். லண்டன் கணக்கில் இன்னொரு கண்ணியும் உண்டு: ஹீத்ரோ விமான நிலையம் கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால் அதன் தீர்க்கரேகை 0.46 கழித்தலில் வரும். வித்தியாசம் எடுக்கும்போது கழிக்காமல் கூட்ட வேண்டும்.

கணக்கே வேண்டாம் என்பவர்கள் கூகுள் மேப்பில் ஒரு ஏர்போர்ட்டில் பின் குத்தி, தூரத்தை அளவிடும் வசதியைத் தட்டி, மற்றதன் மேல் நகர்த்தினால் பெருவட்டத் தூரமே வரும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். சில இணையதளங்கள் ரோட்டுத் தூரத்தையும் ஆகாயத் தூரத்தையும் கலந்து தரும்போது அது கண்ணில் பட வேண்டுமே.

கோட்டில் அப்படியே பறக்குமா?

திருச்சி–சிங்கப்பூர் கோட்டை வரைபடத்தில் இழுத்தால் அது மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே புகுந்து, வேதாரண்யத்துப் பக்கம் கடலில் இறங்குகிறது. இலங்கையின் வடமுனையை வலப்பக்கம் விட்டு, வங்கக்கடலைத் தாண்டி, சுமத்ராவின் வடபகுதி மேல் ஏறி, மலாக்கா நீரிணை வழியே சிங்கப்பூர். விமானம் இதை ஒட்டித்தான் போகும், அதே கோட்டில் அல்ல. ஆகாயத்திலும் வகுத்து வைத்த வழிகள் உண்டு. ஒரு நாட்டுக் கட்டுப்பாட்டு எல்லையிலிருந்து இன்னொன்றுக்குக் குறித்த புள்ளியில்தான் நுழைய வேண்டும்.

தரையிலும் சுற்று உண்டு. திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது, நீளம் 2,480 மீட்டர். காற்றை எதிர்த்துத்தான் விமானம் எழும்பும், இறங்கும். தென்மேற்குக் காற்று சுழன்றடிக்கும் ஆனி ஆடியில் சிங்கப்பூர் விமானமானாலும் மேற்கே பார்த்து எழும்பி, திரும்பிக் கிழக்கே வர வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் சேர்த்து, பெருவட்டத் தூரத்தைவிட உண்மையில் பறக்கும் தூரம் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு வரை கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். கிட்டத்து ஊர்களுக்கு விகிதம் இதையும் தாண்டும். எழும்பித் திரும்பும் சுற்றும் இறங்கும் சுற்றும் 295 கி.மீ. பயணத்துக்கும் அதே அளவுதானே.

தூரத்தை நேரமாக்குவது

ஏர்பஸ் 320, போயிங் 737 வகை ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. அளவில் போகும். அதற்காக 2,980ஐ 830 ஆல் வகுத்தால் வருவது பிளாக் டைம் ஆகிவிடாது. கதவைச் சாத்தி, பின்னால் தள்ளி, ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போகப் பத்து நிமிடம். 10,000 அடிக்குக் கீழே வேகம் பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். இறங்கிய பிறகும் நிற்குமிடத்துக்கு ஊர வேண்டும். இதையெல்லாம் ஒரே சூத்திரத்தில் இப்படி அடக்கலாம்:

ஜெட் விமானம்: கிலோமீட்டரை 800 ஆல் வகுத்து, அரை மணி கூட்டு.
ஏடிஆர் வகை விசிறி விமானம்: கிலோமீட்டரை 500 ஆல் வகுத்து, அரை மணி கூட்டு.

சிங்கப்பூர்: 2,980 ÷ 800 = 3 மணி 43 நிமிடம்; அரை மணி சேர்த்து 4.13, அதாவது 4 மணி 13 நிமிடம் (இனி நேரமெல்லாம் இப்படித்தான், தசமம் அல்ல). துபாய்: 4.10. கோலாலம்பூர்: 3.52. கொழும்பு: ஒரு மணி. சென்னைக்கு ஏடிஆரில் 295 ÷ 500 = 35 நிமிடம், அரை மணி சேர்த்து 1.05; ஜெட்டில் 52 நிமிடம். சென்னைப் பயணத்தில் ஜெட்டுக்கும் விசிறி விமானத்துக்கும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். விமானம் முழு வேகம் பிடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். இந்தத் தூரத்துக்கு ஜெட்தான் வேண்டும் என்று அதிகக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

டிக்கெட்டில் பத்து நிமிடம் கூடுதலாகப் போட்டிருந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். சென்னை, துபாய் போன்ற நெரிசலான இடங்களில் இறங்க வரிசையில் சுற்ற வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே சேர்த்துத்தான் நேரம் அச்சடிக்கிறார்கள். சரியாக எவ்வளவு ஆகிறது என்று பார்க்க பிளைட்ரேடார்24 போன்ற செயலியில் அதே விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாட்களில் எப்போது எழும்பியது, எப்போது இறங்கியது என்று பாருங்கள். அட்டவணையைவிட அது நம்பகம்.

ஆடிக் காற்று கீழே ஒன்று, மேலே ஒன்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது டெல்டாவில் வெறும் பழமொழி இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து, வாழை மரத்தைச் சாய்த்துவிட்டுப் போகும் மேற்குக் காற்று அது. அப்படியானால் ஆடியில் சிங்கப்பூர் விமானத்துக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும், சீக்கிரம் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. அந்த மேற்குக் காற்று கீழ் அடுக்கோடு சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, பதினாலு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தை மையமாக வைத்து, கிழக்கிலிருந்து ஒரு பலத்த காற்றோட்டம் வீசுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்பார்கள். விமானங்கள் போகும் பத்தரை, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலேயே அதன் கீழ்ப்பகுதி தொடங்கிவிடும். ஆடியில் சிங்கப்பூர் போகையில் எதிர்க்காற்று, வருகையில் தள்ளும் காற்று.

மணிக்கு 60 கி.மீ. காற்று என்று வையுங்கள். காற்றில்லாத நாளில் 2,980 ÷ 830, அதாவது 3.35. எதிர்த்தால் 2,980 ÷ 770, 3.52. தள்ளினால் 2,980 ÷ 890, 3.21. போகையில் 17 நிமிடம் நஷ்டம், வருகையில் 14 நிமிடம்தான் லாபம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால் போனதும் வந்ததும் ஒருபோதும் சரிக்குச் சரி ஆகாது. குளிர்காலத்தில் கதை மாறும்: வட இந்தியா, வளைகுடா பக்கம் மேலைத் தாரைக்காற்று இறங்கி வருவதால், மார்கழி தை மாதங்களில் துபாயிலிருந்து திரும்பும் விமானம் கொஞ்சம் முந்தும்.

டிக்கெட்டில் உள்ள கடிகாரம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரம், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரம். விதிவிலக்கு கிடையாது. சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட 2.30 முன்னால். துபாயும் மஸ்கட்டும் 1.30 பின்னால். குவைத், கத்தார், சவூதி 2.30 பின்னால். இலங்கை நம் நேரமே.

சிங்கப்பூர் தன் தீர்க்கரேகைக்கு ஏற்ற நேரத்தில் இல்லை என்பது ஒரு வேடிக்கை. சூரியனைப் பார்த்து வைத்தால் கிரீன்விச்சுக்கு ஏழு மணி முன்னால் இருக்க வேண்டிய ஊர். மலேசியாவோடு சேர்ந்து 1982 தொடக்கத்திலிருந்து எட்டு மணி முன்னால் வைத்திருக்கிறார்கள். அங்கே காலை ஏழு மணிக்கும் பொழுது சரியாக விடியாததற்குக் காரணம் அதுதான்.

கணக்கு முறை: சேரும் நேரத்தை இந்திய நேரமாக மாற்றிவிட்டுப் புறப்பட்ட நேரத்தைக் கழியுங்கள். உதாரணத்துக்கு, திருச்சியில் 01:10, சிங்கப்பூரில் 07:55 என்றால், 07:55லிருந்து 2.30 கழித்தால் 05:25, பயணம் 4.15. திருச்சியில் 05:00, துபாயில் 07:40 என்றால், 1.30 கூட்டி 09:10, பயணம் 4.10. சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் ஒன்று என்று இருந்தால் மறுநாள் தேதி.

இனிச் சொல்வதைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும். 15ஆம் தேதி 01:10 என்று டிக்கெட்டில் இருந்தால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி. 15ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு வேன் ஏறுபவர்கள், போன விமானத்தின் டிக்கெட்டோடு கவுண்டரில் நிற்பார்கள். திருச்சியிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டியே கிளம்புவதால் இந்தத் தப்பு இங்கே சர்வசாதாரணம். டிக்கெட் கையில் வந்ததும் காலண்டரில் முதல் நாள் ராத்திரியில் வட்டம் போட்டுவிடுங்கள். அன்றைய தேதித் தாளைக் கிழிக்கும்போது கண்ணில் படும்.

வீட்டிலிருந்து திருச்சி: பின்னோக்கிக் கணக்கு

ஏர்போர்ட் புதுக்கோட்டை ரோட்டில், ஜங்ஷனிலிருந்து ஐந்து ஆறு கிலோமீட்டர். காரில், நெரிசல் இல்லாத நேரத்தில், உணவுக்கு நிறுத்தாமல்:

தஞ்சாவூர், சுமார் 55 கி.மீ., ஒன்றேகால் மணி.
மன்னார்குடி, சுமார் 90 கி.மீ., இரண்டு மணி.
கும்பகோணம், சுமார் 95 கி.மீ., இரண்டேகால் மணி.
திருவாரூர், சுமார் 110 கி.மீ., இரண்டே முக்கால்.
மயிலாடுதுறை, சுமார் 130 கி.மீ., மூன்றேகால்.
நாகப்பட்டினம், சுமார் 140 கி.மீ., மூன்றரை.

புறப்படும் நேரத்தைப் பின்னிருந்து கட்டுங்கள். நாகையிலிருந்து 15ஆம் தேதி 01:10 விமானம். வெளிநாட்டுக்கு மூன்று மணி முன்னால் வாசலில் இருக்க வேண்டும்: 14ஆம் தேதி இரவு 10:10. ரோடு மூன்றரை மணி: 6:40. வழியில் ஒரு மணி கைவசம்: மாலை 5:40. அந்த ஒரு மணியை ராத்திரிச் சாப்பாட்டுக்குச் செலவழித்துவிட்டால் அது கைவசம் இல்லை. சாப்பாட்டுக்கு ஓட்டலில் நிறுத்துவதானால் இன்னும் முக்கால் மணி முன்னால், ஐந்து மணிக்கே. வழியனுப்ப வேன் நிறைய ஆள் வந்தால் எல்லோரும் ஏறி இறங்கவே அரை மணி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செக்-இன் கவுண்டர் பெரும்பாலும் புறப்பட 60 நிமிடம் இருக்கும்போது மூடும், சில நிறுவனங்களில் அதற்கும் முன்பு. டிக்கெட்டின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் இருக்கும், படியுங்கள்.

டெல்டா ரோட்டுக்கென்று சில தொல்லைகள் உண்டு. சம்பா அறுவடையில் ரோட்டோரம் நெல் காயும். அறுவடை இயந்திரம் ஒன்று முன்னால் போனால் ஒதுங்க இடம் கிடைக்கும் வரை அதன் பின்னாலேயே ஊர வேண்டும். கொள்முதல் நிலைய வாசலில் லாரி வரிசை. ரயில்வே கேட் மூடினால் பத்து நிமிடம். முகூர்த்த நாளில் கும்பகோணம் தாண்டுவதே ஒரு வேலை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, நாகை ரோடு முழுக்க நடைப்பயணிகள். ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே திருச்சிக்கு வந்து தங்கிவிடுவது உத்தமம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியபோது, வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பினாலும் நாம் அங்கே இருக்க வேண்டுமே.

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவர்கள், டிவிஎஸ் டோல்கேட் வழியாகப் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். அங்கே இறங்கினால் ஆட்டோவுக்குச் சில கிலோமீட்டர்தான். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினால் அலைச்சல்.

சென்னைக்கு விமானமா, ரயிலா?

தஞ்சாவூர்க்காரருக்குக் கணக்கு: ரோடு 1.15, முன்னதாகக் காத்திருப்பு 1.45, விமானம் 1.05, மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போக 1.15. மொத்தம் 5.20. ரயிலில் ஆறு ஏழு மணி, அதுவும் ராத்திரித் தூக்கத்தில். மிஞ்சுவது ஒரு மணி சொச்சம். பகலில் அவசர வேலை என்றால் விமானம் ஏறலாம், மற்றபடி உழவன் எக்ஸ்பிரஸில் பெர்த் கிடைக்கிறதா என்று பாருங்கள். மயிலாடுதுறைக்காரர் சென்னை போகத் திருச்சிக்கு வருவது மூக்கைச் சுற்றித் தொடுவது. மூன்றேகால் மணி மேற்கே வந்து ஏறி, மறுபடி வடகிழக்கே பறக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் ரயில் விழுப்புரத்தைத் தாண்டியிருக்கும்.

சென்னை ஏர்போர்ட்டில் வெளிநாட்டு விமானம் பிடிக்க ரயிலில் போகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம். நிலையத்துக்கு எதிரேதான் விமான நிலையம். ஒரே எச்சரிக்கை, போகிப் பண்டிகைக் காலை. 2018 போகியன்று புகைமூட்டத்தில் ஓடுபாதையே தெரியாமல் சென்னை விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. அன்று காலை விமானத்தை நம்பி அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி இடைவெளியில் டிக்கெட் போடாதீர்கள்.

மாறிப் போகும் பயணம்: சுற்று எவ்வளவு?

தூரக் கணக்கு உண்மையில் காசுக்கு உதவுவது இங்கேதான். திருச்சி–லண்டன் பெருவட்டம் 8,325 கி.மீ. நேர் விமானம் இல்லை, மாறித்தான் போக வேண்டும். துபாய் வழி: 2,940 + 5,500 = 8,440. சுற்று நூறு கிலோமீட்டர் சொச்சம், ஒன்றுமே இல்லை. கொழும்பு வழி: 419 + 8,715, அதாவது 9,134, தெற்கே போய் வடக்கே வந்தாலும் எண்ணூறு கிலோமீட்டர்தான் அதிகம், பறப்பதில் ஒரு மணி. கோலாலம்பூர் வழி: 2,690 + 10,600 = 13,290. ஐயாயிரம் கிலோமீட்டர் எதிர்த்திசையில் போய் வருவது, ஆறு மணி நேரம் வீண். டிக்கெட் தளம் மலிவு என்று முதலில் காட்டுவது சில நேரம் இதைத்தான். மாறும் ஊர் போகும் திசையில் இருக்கிறதா என்று வரைபடத்தில் ஒரு பார்வை பார்த்தாலே தெரிந்துவிடும்.

மாறும் இடத்தில் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட் எண்ணில் இருந்தால் இரண்டு மணி இடைவெளி போதும். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் லக்கேஜை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா தேவைப்படலாம். குறைந்தது ஐந்து மணி இடைவெளி விடுங்கள். இடைவெளியைப் பார்க்கும்போது இரண்டு நேரமும் மாறும் ஊரின் கடிகாரத்தில்தான் இருக்கும், அங்கே கழித்தல் கூட்டல் வேண்டாம். அந்த ஊரில் இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். சார்ஜ் இல்லாத ஃபோனும் திருச்சி நேரத்திலேயே நிற்கும் கடிகாரமும் சேர்ந்தால் அறிவிப்புப் பலகைதான் கதி.